புள்ளிவரியும் சராசரிக் கணக்கும்

செட்டிநாட்டில் நகரத்தார் ஊர்களில் கோயில் செலவைப் புள்ளிக் கணக்கில் பங்கிடுவது பழைய ஏற்பாடு. திருமணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவரை அரைப்புள்ளியாக எண்ணும் வழக்கமும் உண்டு. ஓர் ஊரில் 120 முழுப்புள்ளி, 30 அரைப்புள்ளி, திருப்பணிக்கு 2,70,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டில் உள்ள பெயர்களை எண்ணி 150-ஆல் வகுத்தால் பெயருக்கு 1,800 ரூபாய் வரும். வரியை அப்படிப் போட மாட்டார்கள். முப்பது அரைப்புள்ளி பதினைந்து முழுப்புள்ளிக்குச் சமம். ஆக மொத்தம் 135 புள்ளி. புள்ளிக்கு 2,000, அரைப்புள்ளிக்கு 1,000. கூட்டிப் பாருங்கள், பைசா பிசகாமல் 2,70,000 வந்து நிற்கும்.

போட்டித் தேர்வில் சராசரிக் கணக்கைத் தவறவிடும் பிள்ளைகளுக்கு வகுத்தல் தெரியாமல் இல்லை. எதை வகுக்கிறோம், எத்தனை பங்காக வகுக்கிறோம் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளாமல், கண்ணில் பட்ட எண்களைக் கூட்டி வகுத்துவிடுகிறார்கள். அங்கேதான் விடை கைநழுவுகிறது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேரக் கணக்கு தெரிந்திருக்கும். 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. அதில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். கால்குலேட்டர் கிடையாது. இந்த நெருக்கடியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவது ஆபத்து. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் சூத்திரம் காலை வாரிவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்வது மேல்: சராசரி என்பது ஒரு மொத்தத்தைச் சமமாகப் பங்கிட்டால் வரும் பங்கு. சராசரிகளை ஒன்றோடொன்று கூட்டவோ கழிக்கவோ போனால் பெரும்பாலும் சிக்கல். மொத்தங்களைத் தாராளமாகக் கூட்டலாம், கழிக்கலாம்.

ஒரு மாணவி எழுதிய ஆறு மாதிரித் தேர்வுகளில் கணக்குப் பகுதியின் சராசரி 25-க்கு 17. இன்னும் இரண்டு தேர்வு பாக்கி. எட்டுக்கும் சேர்த்துச் சராசரி 18 ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டில் எவ்வளவு எடுக்க வேண்டும்? வேண்டிய மொத்தம் 8 × 18 = 144. கையில் இருப்பது 6 × 17 = 102. பாக்கி 42, தேர்வுக்கு 21. அவ்வளவுதான் கணக்கு.

இதையே இன்னும் வேகமாகப் போட ஒரு வழி உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். குறி 18. முந்தைய ஆறு தேர்வும் ஆளுக்கு ஒன்று குறைவு, ஆகக் கடன் 6. அந்த ஆறை இரண்டு தேர்வு சுமக்க வேண்டும், தலைக்கு 3. 18-உடன் 3 சேர்த்தால் 21. சராசரிக்கு மேலே இருப்பவற்றின் மிகுதியும் கீழே இருப்பவற்றின் குறையும் எப்போதும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பதால்தான் இது நடக்கிறது. எண்களை ஒரு கோலின் மீது சம எடைகளாக அந்தந்த இடத்தில் தொங்கவிட்டால், கோல் சாயாமல் நிற்கும் தாங்குபுள்ளியே சராசரி. இயற்பியலில் நிறைமையம் காணும் சமன்பாடும் இதே சமன்பாடுதான்.

ஆள் மாறும் கணக்குகளுக்கும் மொத்தம்தான் சாவி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறை ஒன்றில் ஒன்பது பேர். நாளுக்கு 52 கல் போடுபவர் ஒருவர் விலகி, வேறொருவர் வந்ததும் சராசரி 4 கூடிவிட்டது. புதியவர் எத்தனை கல் போடுகிறார்? பழைய சராசரி எவ்வளவு என்று கேள்வியில் இல்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. அது தேவையே இல்லை. ஒன்பது பேருக்கும் நான்கு நான்காகக் கூடியிருக்கிறது என்றால் மொத்தம் 36 கூடியிருக்கிறது. ஆள் எண்ணிக்கை மாறவில்லை. அந்த 36 முழுவதும் புதியவர் கொண்டுவந்தது. 52 + 36 = 88.

தப்பாக எழுதிவிட்ட எண்ணைத் திருத்தும் கணக்கும் இதே குடும்பம். 30 பேரின் சராசரி 62 என்று கண்டபிறகு, 74 என்று எழுத வேண்டிய இடத்தில் 47 என்று எழுதியிருப்பது தெரியவருகிறது. மொத்தத்தில் 27 குறைந்துவிட்டது. 27-ஐ 30-ஆல் வகுத்தால் 0.9, சரியான சராசரி 62.9. ஈரிலக்க எண்ணில் இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ன் மடங்காகத்தான் இருக்கும். ஐந்தொகையின் இரு பக்கமும் ஒத்துவராமல் உதைக்கும்போது, வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று கணக்கெழுதுபவர்கள் முதலில் பார்ப்பது இதனால்தான்.

இனி, பங்குகள் சமமில்லாத கணக்குகள். உண்மையில் கேள்வி எடுப்பவர்கள் பொறி வைப்பது இங்கேதான்.

பர்மா, இலங்கை, மலேயா என்று கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டில் தொகையைப் போலவே நாளும் முக்கியம். ஒருவர் கணக்கில் 50,000 ரூபாய் 10 நாள் இருந்தது, பிறகு 20,000 ரூபாய் 20 நாள் இருந்தது. சராசரி இருப்பு என்ன? ஐம்பதையும் இருபதையும் கூட்டிப் பாதியாக்கி 35,000 என்பவர், பத்து நாளையும் இருபது நாளையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார். 50,000 × 10 = 5,00,000. 20,000 × 20 = 4,00,000. மொத்தம் 9,00,000, 30 நாளால் வகுத்தால் 30,000. தொகை நீண்ட நாள் எங்கே தங்கியதோ அந்தப் பக்கம் சராசரி நகர்ந்திருக்கிறது. இந்தியாவில் சேமிப்புக் கணக்குகளுக்கு 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின் அடிப்படையில் வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன் மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 50,000 எத்தனை நாள் இருந்தாலும், 25-ஆம் தேதி எடுத்துவிட்டால் அதற்குப் பயனில்லை. நாட்களின் எண்ணிக்கையை எடையாக, அதாவது ஒவ்வொரு தொகைக்கும் தரும் முக்கியத்துவத்தின் அளவாக, கொள்வதில் இருக்கும் நியாயம் இதை ஒப்பிட்டால் புரியும்.

வேகக் கணக்கிலும் எடை நேரம்தான். காரைக்குடியிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது ஒரு வண்டி. சராசரி வேகம் 50 என்ற விடை நான்கு தெரிவுகளில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும். தொடாதீர்கள். போக 2 மணி, திரும்ப 3 மணி. 240 கிலோமீட்டரை 5 மணியால் வகுத்தால் 48. மெதுவாக ஓடிய நேரம் அதிகம் என்பதால் சராசரி 40-ன் பக்கம் சாய்கிறது. தூரத்தை 120 என்றில்லாமல் எதுவாக வைத்தாலும் விடை 48-தான். அதனால் தூரம் தராத கேள்வியில் இரண்டு வேகத்துக்கும் வகுபடும் ஓர் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதே சமயம், இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியது என்று கேள்வி சொன்னால் 50 சரி. ‘சம தூரம்’, ‘சம நேரம்’ என்ற சொற்களுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

இதில் ஒரு நல்ல மடக்குக் கேள்வி: பயணத்தின் முதல் பாதித் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டரில் கடந்தாயிற்று. மொத்தப் பயணத்தின் சராசரி 60 ஆக மீதிப் பாதியை என்ன வேகத்தில் ஓட்ட வேண்டும்? 90 என்று வாய் தானாகச் சொல்லும். தூரம் 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். சராசரி 60 வர மொத்தம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. முதல் 30 கிலோமீட்டரிலேயே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிட்டது. எந்த வேகத்திலும் முடியாது.

நீளம், அகலம், ஆழம் என்று வரும் சராசரிகளுக்கு வயது அதிகம். 1150-இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் குழி வெட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்று இடங்களில் அளந்த நீளம் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7. ஆழம் 2, 4, 3. ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்தால் 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். நம் ஊருணிகளின் அடியும் சமதளமாக இருப்பதில்லை. எத்தனை கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று மதிப்பிட இன்றும் பல இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் சராசரிகளைப் பெருக்கிக் கிடைப்பது மதிப்பீடுதான், துல்லியமான அளவு அல்ல. 20 மீட்டர் நீளமுள்ள ஓர் ஊருணியில் முதல் 10 மீட்டர் நீளத்துக்கு அகலம் 30, ஆழம் 2. அடுத்த 10 மீட்டருக்கு அகலம் 10, ஆழம் 4. சராசரி அகலம் 20, சராசரி ஆழம் 3, பெருக்கினால் 1,200 கன மீட்டர். தனித்தனியே கண்டால் முதல் பகுதி 600, அடுத்தது 400, மொத்தம் 1,000. இருநூறு கன மீட்டர் இல்லாத தண்ணீரைச் சராசரி காட்டிவிட்டது. ஆழமான பகுதி குறுகலாக இருக்கிறது. 3 மீட்டர் என்ற சராசரி அந்தக் குறுகிய பகுதிக்கு அகன்ற பகுதிக்குச் சமமான இடம் கொடுத்துவிட்டது. பரப்பை எடையாகக் கொண்டால் ஆழத்தின் சராசரி மாறும்: 300 சதுர மீட்டருக்கு 2, 100 சதுர மீட்டருக்கு 4, ஆக 1,000-ஐ 400-ஆல் வகுத்து 2.5. மொத்தப் பரப்பு 400-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 1,000 கன மீட்டர் அப்படியே கிடைக்கிறது.