இமயத்தைத் தராசில் வைத்தால்

மே மாதம் வந்துவிட்டால் டெல்லி முனிர்க்காவில் எங்கள் குடியிருப்பின் காவல்காரருக்கு ஒரு வேலை கூடிவிடும். தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து மூங்கில் கழியை உள்ளே விடுவார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் டேங்கருக்குப் போன் போகும்.

மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்களான பனியாறுகள் எவ்வளவு கரைகின்றன என்று பார்ப்பதும் பல இடங்களில் இப்படி ஒரு கழியில்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜே.என்.யூ.) ஆய்வாளர்கள், பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து, இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002 முதல் அளந்துவருகிறார்கள். நீராவியைப் பாய்ச்சிப் பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அதில் கழியை இறக்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு கோடை கழிந்து போய்ப் பார்த்தால் கழி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால், அந்த இடத்தில் இரண்டு மீட்டர் பனிக்கட்டி போய்விட்டது.

இது கீழ்ப்பகுதியின் செலவுக் கணக்கு. மேல்பகுதியில் பெய்த பனி தங்கும், அதுதான் வரவு. அங்கே குழி வெட்டி, அந்த ஆண்டின் பனி எவ்வளவு ஆழம், எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டையும் தண்ணீராக மாற்றிக் கணக்குப் போட்டால், சோட்டா ஷிக்ரியில் ஆண்டுக்குச் சராசரியாக அரை மீட்டர் அளவுக்குத் துண்டு விழுகிறது.

கங்கோத்ரி யாத்திரை போய்வந்த உறவினர்கள், அங்குள்ள பனியாற்றின் முனையான கோமுகம் எவ்வளவு பின்னால் போய்விட்டது என்று போட்டோ காட்டுவார்கள். முனை பின்வாங்குவது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து இழப்பை எடைபோட முடியாது. கல்லும் மண்ணும் தடிமனாக மூடிய பனியாறு, முனை அதிகம் நகராமலே உள்ளுக்குள் மெலியும். ஆள் இளைத்தாலும் சட்டை அதேதானே!

சரி, உலகத்தில் பனியாறுகள் 2 லட்சத்துக்கும் மேல். எத்தனை இடத்தில் கழி நடுவது? அதனால் வானிலிருந்து உயரத்தை அளக்கிறார்கள். 1970களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பின்னாளில் வெளியே விடப்பட்டன. அவற்றிலிருந்து அன்றைய பனிப்பரப்பின் உயரத்தைக் கணக்கிட்டு, இன்றைய உயரத்தைக் கழித்துப் பார்க்கலாம். இமயத்தின் 650 பனியாறுகளை இப்படி ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, 2000க்குப் பிறகு இழப்பின் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப்போல் இரண்டு மடங்கு என்று கண்டது. உளவு பார்க்க எடுத்த படம் இப்படி உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஆனால் உயரம் வேறு, எடை வேறு. கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று தெரிய லேசாகத் தூக்கிப் பார்ப்போம் இல்லையா? மலைத்தொடரைத் தூக்கிப் பார்க்க 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவினார்கள். ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். கீழே நிறை அதிகமுள்ள இடம் வந்தால் முன்னே போவது முதலில் இழுபட்டு வேகமெடுக்கும், இடைவெளி கூடும். அப்புறம் பின்னால் வருவதும் இழுபடும், இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் தெரிந்துவிடும். இதையே மாதாமாதம் செய்தால் எந்த வட்டாரம் எடை குறைகிறது என்பது புரியும். 2017இல் அவை ஓய்ந்தன. 2018இல் அடுத்த ஜோடி போனது.

இங்கேதான் டெல்லிக்காரர்களான நாம் குறுக்கே வருகிறோம். இந்தத் தராசின் பார்வை மங்கல். சுமார் 300 கிலோமீட்டருக்குள் இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது. மலையில் பனி குறையும் அதே சமயம், சமவெளியில் போர்வெல்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லி சேர்ந்த ஹரியானா பகுதி 2002 முதல் 2008 வரை இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று சொன்னதும் இதே கிரேஸ்தான். தராசுக்கு இரண்டும் எடைக் குறைவுதான். பனி எது, கிணற்றுத் தண்ணீர் எது என்று அது சொல்லாது. நாம்தான் பிரிக்க வேண்டும். 2012இல் ஒரு குழு அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, ஆசிய உயர்மலைகளின் பனி இழப்பு ஆண்டுக்கு வெறும் 4 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) என்று வந்தது. முந்தைய மதிப்பீடுகள் 50ஐ ஒட்டி இருந்தன. அந்த 4க்கும் 20 கிகாடன் கூடலாம், குறையலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். கழியோடு மலை ஏறுபவர்களுக்கு வேலை போகாததன் காரணம் இதுதான்.

கழி, உயரம், எடை எல்லாவற்றையும் நேர்செய்து 35 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து போட்ட கணக்கு 2025இல் வந்தது. கிரீன்லாந்து, அண்டார்டிகாவின் பெரும் பனிவிரிப்புகளை விட்டுவிட்டு, மற்ற பனியாறுகள் மட்டும் 2000 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 273 கிகாடன் இழந்திருக்கின்றன. ஒரு கிகாடன் என்பது ஒரு கன கிலோமீட்டர் தண்ணீர். டெல்லியின் பரப்பு 1,484 சதுர கிலோமீட்டர். ஓராண்டின் இழப்பை மட்டும் நகரம் முழுக்கப் பரப்பினால் 184 மீட்டர் ஆழம் நிற்கும், இரண்டரை குதுப் மினார் உயரத்துக்கு. 2000 முதல் 2023 வரையிலான காலத்தின் இரண்டாம் பாதியில் இழப்பின் வேகம் முதல் பாதியைவிட 36 சதவீதம் கூடியிருக்கிறது.