லெப்டின்: சொல்லும் பொருளும்

லெப்டின் என்பது கொழுப்புத் திசு சுரந்து இரத்தத்தில் விடும் இயக்குநீர் (ஹார்மோன்). உடலில் கொழுப்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்பதை மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைப்போதாலமஸுக்குத் தெரிவிப்பது இதன் வேலை. 146 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். இதற்கான மரபணு மனிதரில் 7ஆம் குரோமோசோமில் உள்ளது.

வேர்ச்சொல் கிரேக்கத்தின் 'லெப்டோஸ்'. மெல்லிய, ஒல்லியான என்று பொருள். பெயருக்குக் காரணம் ஓர் எலி. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஓயாமல் தின்று, சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை போடும் ஒரு வகை எலி தென்பட்டது. அங்கேயே டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் பின்னாளில் இந்த எலியையும், இதேபோல் பருத்த நீரிழிவு எலி ஒன்றையும் அறுவை செய்து இரத்த ஓட்டத்தால் இணைத்தார். முதல் எலி தின்பதை நிறுத்திப் பட்டினியால் இறந்தது. நீரிழிவு எலிக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆக, முதல் எலியிடம் ஏதோ ஒரு பொருள் ஊறவில்லை. மற்றதிடம் அது மிதமிஞ்சி ஊறியும் அதை உணரும் ஏற்பி பழுது. அந்தப் பொருளுக்குரிய மரபணுவை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளரின் குழு 1994இல் கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டதும் பருத்த எலி இளைத்தது. அதனால்தான் இந்தப் பெயர்.

தமிழில் என்ன சொல்வது? 'மெலிவூக்கி' என்று வேரை அப்படியே பெயர்த்துவிடலாம். ஆனால் அது தவறான எதிர்பார்ப்பைத் தரும். பருமனானவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. கொழுப்பு கூடக் கூட அதுவும் கூடும், மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதை லெப்டின் எதிர்ப்பு என்கிறோம். லெப்டின் குறையும்போதுதான் மூளை உரக்க எதிர்வினை காட்டும்: பசி கூடும், உடல் செலவிடும் ஆற்றல் குறையும். உணவைக் குறைத்து எடையை இறக்கியவர்களுக்குப் பசி விடாமல் துரத்துவதற்கு இது முக்கியக் காரணம். மன உறுதி இல்லை என்று அவர்களைக் குறை சொல்வது அநியாயம். எனவே பொருள் விளக்க 'கொழுப்பிருப்பு உணர்த்தி' என்பதே பொருந்தும். பெயராக, இன்சுலினை இன்சுலின் என்றே எழுதுவதுபோல, லெப்டின் என்றே வைத்துக்கொள்வது நல்லது. 'ஹார்மோன்' என்ற பொதுச்சொல்லுக்கு மட்டும் இயக்குநீர் கச்சிதம். கிரேக்க மூலத்துக்கும் தூண்டி இயக்குவது என்றே பொருள்.

மரபணுப் பழுதால் லெப்டினே ஊறாத மனிதர்கள் மிகச் சிலர். 1997இல் இங்கிலாந்தில், பாகிஸ்தான் வழிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இரு குழந்தைகளிடம் இது முதன்முதலில் உறுதியானது. எட்டு வயதுக் குழந்தை 86 கிலோ, இரண்டு வயதுக் குழந்தை 29 கிலோ. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது வழக்கமாக உள்ள நம் ஊர்களில் மருத்துவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அடையாளங்கள்: பிறப்பு எடை சாதாரணம், முதல் சில மாதங்களிலேயே அடங்காப் பசி, உணவை மறுத்தால் கடும் ஆவேசம், அடிக்கடி தொற்று, உரிய வயதில் பருவமடையாமை. தினம் ஒரு லெப்டின் ஊசி போட்டால் சில நாட்களிலேயே பசி அடங்கும், எடையும் இறங்கத் தொடங்கும்.

லெப்டினை உணரும் ஏற்பி பழுதானவர்களுக்கு அதே ஊசி பயன்படாது. அவர்களுக்கு, மூளையில் அடுத்த கட்டத்திலுள்ள எம்சி4ஆர் என்ற ஏற்பியை நேரடியாகத் தூண்டும் செட்மெலனோடைட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி தந்தது. ஒற்றை மரபணுவால் வரும் பருமனில் அதிகம் காணப்படுவது இந்த எம்சி4ஆர் பழுதுதான். இதற்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். சாதாரணப் பருமனோ பல மரபணுக்களின் கூட்டு விளைவு. 2007இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் ஆபத்து வடிவம் இரு பிரதிகளிலும் இருந்தால், கூடும் எடை சராசரியாக 3 கிலோ அளவே.

லெப்டின் பரிசோதனைக்குக் காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பது வழக்கம். இரவில் அளவு ஏறி, பகலில் இறங்கும். பெண்களுக்கு இயல்பாகவே கூடுதல் என்பதால், பாலினத்தையும் கொழுப்பின் அளவையும் சேர்த்தே முடிவைப் படிக்க வேண்டும். சாதாரணப் பருமனுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. 'லெப்டின் மாத்திரை' என்று விற்பவற்றை வாங்க வேண்டாம்: லெப்டின் ஒரு புரதம், விழுங்கினால் பருப்பின் புரதம்போல் செரித்துவிடும்.