கம்பியைத் தின்னும் கடற்காற்று

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது சன்ஷேடின் அடிப்பாகம்தான். உள்ளே கம்பி ஓடும் வழியிலேயே நூல் பிடித்ததுபோல ஒரு விரிசல் விழும். மழைக்காலம் முடிவதற்குள் அதன் ஓரம் பழுப்பேறும். பிறகு ஒருநாள் கையகலச் சில்லு பெயர்ந்து விழும்; கம்பி செதில் செதிலாக உரிந்து நிற்கும். “சிமென்ட்டைக் குறைத்துவிட்டான்” என்று மேஸ்திரியின் தலையில் பழி விழுவது வழக்கம். அதில் பாதி நியாயம் உண்டு. மீதியைச் செய்தது உப்பு.

உண்மையில் கான்கிரீட்டுக்குள் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கவே கூடாது. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் ஈரம் கடும் காரமாக, பி.எச். 12.5-க்கும் மேலாக இருக்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் தானாகவே படிகிறது. அது கிழியாதவரை, தண்ணீரும் ஆக்சிஜனும் பக்கத்திலேயே இருந்தாலும் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை.

கிழிப்பது குளோரைடு. அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து, உப்புத் துளிகளைக் காற்றில் தூவுகின்றன. பிற்பகலில் வீசத் தொடங்கும் கடற்காற்று அவற்றைச் சுமந்துவந்து சுவரில் ஒட்டுகிறது; கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி படிந்துவிடும். கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. முன்னது ஈரம் குடித்துக் கரையக் காற்றில் சுமார் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். ஜாடியில் கல் உப்பு கசிவதுபோல, மழையே இல்லாத மாதத்திலும் சுவர் உள்ளூர ஈரமாக இருப்பது இதனால்தான். அந்த ஈரத்தின் வழியே குளோரைடு மெல்ல மெல்லக் கம்பியை எட்டுகிறது.

எட்டியதும் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. அங்கிருந்து கம்பி ஒரு பேட்டரியாகிவிடுகிறது. ஓட்டை விழுந்த இடம் ஆனோடு. அங்கே இரும்பு கரைகிறது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி, கேத்தோடாக இருக்கும் மீதிப் பகுதியில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. சின்ன ஆனோடு, பெரிய கேத்தோடு என்பதால் அந்த ஒரு புள்ளியில் இரும்பு வேகமாகக் குழிகிறது. இதில் எனக்கு மிகக் கொடுமையாகத் தோன்றுவது வேறொன்று: குளோரைடு இந்த வேலையில் செலவாவதே இல்லை. இரும்பைப் பிடித்து இழுக்கிறது, தண்ணீரிடம் ஒப்படைக்கிறது, கூடவே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது, விடுபட்டு அடுத்த இரும்பு அணுவிடம் போகிறது.

உருவான துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் தேவை. அமுக்கும் விசையை நன்றாகத் தாங்கும் கான்கிரீட், இழுவிசைக்கு வந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். உள்ளிருந்து துரு உப்பினால் அது பிளக்காமல் என்ன செய்யும்? 1856ஆம் ஆண்டு திறந்த ராயபுரம் ரயில் நிலையமும் இதே காற்றில்தான் நிற்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய கட்டடம் அது. இப்படி உப்பிப் பிளக்கக் கான்கிரீட் கம்பி உள்ளே இல்லை.

இனி மேஸ்திரியின் பங்குக்கு வருவோம். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டைக் கட்டடக்காரர்கள் ‘கவர்’ என்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456-இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்தி, 45 மில்லிமீட்டர் கவரும் எம்-30 என்ற வலுத்தரமும் கேட்கிறது. கடல்நீர் நேரடியாகத் தெறிக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர். சாதாரணச் சூழலுக்கு அதே தொகுப்பு சொல்லும் 20 மில்லிமீட்டரைக் கடலோரத்திலும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டியான கவர் பிளாக்கை வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் தகட்டின்மேல் படுக்கவைத்துக் கான்கிரீட் கொட்டினால் அந்த 20-உம் கிடைக்காது. ஊடுருவல் கணக்கில் காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து நீளும்: 20 மில்லிமீட்டரைக் கடக்கப் பத்தாண்டு என்றால், அதே கான்கிரீட்டில் 40-ஐக் கடக்க நாற்பதாண்டு. சில ரூபாய் பெறாத கவர் பிளாக்கில் மிச்சம் பிடிப்பதுபோல முட்டாள்தனமான சிக்கனம் வேறில்லை.

உப்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை 1960களின் கடைசியிலிருந்தே தெரிந்தது. அப்படிப்பட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் கான்கிரீட் கலந்தால் எதிரியை வீட்டுக்குள் வைத்துக் கட்டியதாகிவிடும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதைக் கலக்கச் சுமார் 180 லிட்டர் நீர் வேண்டும். முழுக் கடல்நீராக இருந்தால் அதில் மட்டும் 3.4 கிலோ குளோரைடு வந்துவிடும். ஆறில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருந்தாலே வரம்பைத் தொட்டுவிடுகிறோம்.

பெயர்ந்த இடத்தில் கம்பியைத் தேய்த்து, புதுக் கலவை பூசி, வெள்ளையடிப்பதுதான் ஊர்வழக்கம். ஓரிரு ஆண்டுகளில் பூச்சுக்கு ஓர் அடி தள்ளிப் புது விரிசல் வரும். பூசியவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் வரும். பழைய ஆனோடு இருந்தவரை பக்கத்துக் கம்பி கேத்தோடாக இருந்து தப்பித்தது. புதுக் கலவைக்குள் உப்பு இல்லை. அங்கே கம்பி கேத்தோடாகிவிடுகிறது. சுற்றியிருக்கும் பழைய கான்கிரீட்டிலோ உப்பு அப்படியே இருக்கிறது. ஆனோடு அங்கே இடம்பெயர்கிறது.

ஆகவே, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவை முழுக்க நீக்கி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். பூச்சின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இணைப்பதும் உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையும். ஆனோடு வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு கம்பியை விட்டுவைக்கும். கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகம் பொருத்துவதும் இதே கணக்குதான்.

கொத்துவதற்கு முன் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று சொல்லும். ஆனால் ஒலியை முழுதாக நம்பிவிடக்கூடாது. குளோரைடு போடும் குழி சில நேரம் அதிகம் உப்பாமலேயே கம்பியை அறுத்துவிடும், மேலே விரிசல்கூடத் தெரியாது. கீழ்த்தளத்துத் தூணிலோ பீமிலோ கம்பியின் நீளவாக்கில் பழுப்புக் கோடு தெரிந்தால், கொத்தனாருக்கு முன்னால் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து கம்பியின் விட்டத்தை அளந்த பிறகே பூச்சைப் பற்றிப் பேசலாம்.