ஷ்டம்பவ்ம்: தமிழில் கொடிவழி

ஜெர்மானியர்கள் தங்கள் முன்னோர் வரிசையை வரைந்து வைக்கும் படத்துக்கு 'ஷ்டம்பவ்ம்' என்று பெயர். 'ஷ்டம்' என்றால் அடிமரம். குலம் என்ற பொருளும் உண்டு. 'பவ்ம்' என்றால் மரம். நாமும் இப்போது 'குடும்ப மரம்' என்று எழுதிவிடுகிறோம். அது ஆங்கிலம் வழியாக வந்த நேர் மொழிபெயர்ப்பு. 'வம்சாவளி' வடசொல். வம்சம் என்றால் மூங்கில். கணுவுக்கு மேல் கணுவாக அது வளர்வதைப் பார்த்துத் தலைமுறைக்கும் அந்தப் பெயர் வந்தது.

தமிழில் இதற்குக் 'கொடிவழி' என்ற சொல் இருக்கிறது. நட்ட இடத்தில் நிற்பது மரம். கொடி அப்படியில்லை, வேலி தாண்டி அடுத்த வீட்டுக் கூரையில் போய்ப் பூக்கும். தொப்புள்கொடியையும் நாம் கொடி என்றுதானே சொல்கிறோம்! கடல் கடந்து போன குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மியூலன்பெர்க் குடும்பத்தைப் பாருங்கள். ஹென்றி மெல்கியோர் மியூலன்பெர்க் 1711-ல் ஜெர்மனியின் ஐன்பெக் ஊரில் பிறந்த லுத்தரன் போதகர். நம் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலே நகரத்திலிருந்துதான் இவரையும் அனுப்பினார்கள், 1742-ல், பென்சில்வேனியாவுக்கு. 1745-ல் அன்னா மரியாவை மணந்தார். அவளுடைய அப்பா கான்ராட் வைசர், 1710-ல் சிறுவனாக நியூயார்க் வந்து இறங்கிய இன்னொரு ஜெர்மானியர். இரண்டு கொடிகள் அங்கே பின்னிக்கொண்டன.

பிள்ளைகளில் பீட்டர் அமெரிக்க விடுதலைப் போரில் தளபதி. ஃபிரடெரிக் 1789-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். அடுத்தவர் காட்ஹில்ஃப், தாவரவியல் அறிஞர். ஒரு புல் பேரினத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று பேரையும் அப்பா 1763-ல் படிப்புக்காகத் திரும்ப ஹாலேவுக்கே அனுப்பிவைத்தார். கொடி திரும்பி வேர்ப்பக்கம் போய்வந்த மாதிரி.

பெயரையும் கவனிக்க வேண்டும். 'மியூலெ' என்றால் மாவு அரைக்கும் ஆலை, 'பெர்க்' என்றால் மலை. ஜெர்மன் எழுத்தில் 'யு'வின் தலைமேல் இரண்டு புள்ளி இருக்கும். அமெரிக்காவில் அந்தப் புள்ளிகள் உதிர்ந்துபோயின. பழைய பதிவேடுகளில் இந்தக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் பார்க்க வேண்டும்.

சரி, இப்படித் தேடுகிற துறையை எப்படிச் சொல்வது? 'மரபியல்' என்று எழுதினால் மரபணு ஆராய்ச்சியோடு குழம்பும். 'கொடிவழி ஆய்வு' தெளிவாக இருக்கிறது. படத்துக்குக் 'கொடிவழிப் படம்'. எழுதும்போது இப்படி வரும்: 'மியூலன்பெர்க் கொடிவழியில் ஃபிரடெரிக், அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் தலைமுறை.'