தெரியாத குடமும் ஆத்தங்குடி ஆர்டரும்

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தும் ஒருவருக்குப் பல வருடங்களாக நான்தான் கணக்குப் பார்க்கிறேன். போன மாசியில் காரைக்குடியில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். வெளிமாநில விடுதி ஒன்று 4,000 சதுர அடிக்குக் கல் கேட்டு, பாதிப் பணம் முன்பணமாகத் தருவதாகவும் எழுதியிருந்தது. நகக்கண்ணில் சிவப்புச் சாயம் ஏறிய விரலால் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். “வேண்டாம் அண்ணே, யார் எவர் என்றே தெரியாது. பழைய காண்டிராக்டருக்கே கொடுத்துவிடுகிறேன்.”

பழையவரின் பேரேட்டைத் திறந்து காட்டினேன். கடைசிப் பத்துப் பில்லில் நான்குக்குப் பணம் வர ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒன்றுக்கு வரவே இல்லை. “அது தெரிந்ததுதானே” என்றார்.

அந்தப் பதிலை வருடத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். 1961இல் டேனியல் எல்ஸ்பெர்க் என்ற பொருளியல் அறிஞர் இதையே இரண்டு குடங்களை வைத்து விளக்கினார். ஒன்றில் 50 சிவப்புப் பந்து, 50 கறுப்புப் பந்து. மற்றொன்றிலும் 100 பந்துகள்தான், ஆனால் எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. சொன்ன நிறப் பந்தை எடுத்தால் பரிசு என்றால் பெரும்பாலோர் முதல் குடத்துக்கே போகிறார்கள். இரண்டாவது குடம் மோசமானது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

2005இல் மிங் ஷூ, காலின் கேமரர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இத்தகைய பந்தயங்களைக் கட்டச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாய்ப்பின் அளவே தெரியாதபோது அமிக்டலாவும் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கின. அமிக்டலா, கன்னப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் இருப்பது. அச்சத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதாயத்தை எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் ஸ்ட்ரையேட்டமோ அடங்கியிருந்தது. முன்மூளையின் அந்தப் பகுதி பழுதான நோயாளிகளுக்குத் தெரியாத பந்தயமும் தெரிந்த பந்தயமும் ஒன்றாகவே பட்டன.

இவை பலரைச் சேர்த்துப் பார்த்த முடிவுகள். உங்கள் மூளையைப் படம் பிடித்து வியாபாரம் சொல்லித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்றை நான் உறுதியாக நம்புகிறேன். வயிற்றைப் பிசையும் அந்த உணர்வு, நமக்குத் தகவல் போதவில்லை என்பதையே முதலில் சொல்கிறது. நட்டம் வரும் என்பதை அல்ல. ரங்கூனில் கடை வைத்த நகரத்தார் முதலாளிகள் ஊரில் இருந்துகொண்டு, அங்கே கடையை நடத்திய மேலாள் அனுப்பிய கணக்கைப் படித்தே முடிவெடுத்தார்கள். அதனால் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 1930களில் நெல் விலை சரிந்தது, 1942இல் ஜப்பான் படை வந்தது. கணக்கு இருந்தால் எதற்குப் பயப்படுகிறோம் என்றாவது தெரியும்.

அவரை அன்றைக்கே பதில் எழுத விடவில்லை. தெரியாதவற்றை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஐந்துதான் வந்தன. விடுதியின் ஜிஎஸ்டி பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை இணையத்தில் அங்கேயே பார்த்தோம், இருந்தது. உரிமையாளர் யார் என்பதும் கிடைத்தது. வழியில் கல் உடைந்தால் யார் பொறுப்பு, மீதிப் பணம் எந்த நாளில், ஆர்டரைப் பாதியில் நிறுத்தினால் என்ன என்ற மூன்றையும் கேட்டு எழுதினார்.

முதலில் 200 சதுர அடி மட்டும் வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பினார். அதற்கான முழுப் பணமும் வந்துவிட்டது. உடைசலைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அதனால் மீதி 3,800 அடிக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.