ஐந்து குழல்கள், ஐந்து வகை ஒலி

மேற்கத்திய சேம்பர் இசையில், அதாவது ஒரு சில கலைஞர்கள் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் இசையில், நெடுங்காலமாக முதலிடம் வகிப்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வரணியாகும். நான்கும் வில்லால் இழைக்கப்படும் ஒரே குடும்பக் கருவிகள் என்பதால் அவற்றின் குரல்கள் எளிதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் ஆகியவை சேர்ந்த துளைக்கருவி ஐவரணிக்கு அந்த வசதி இல்லை.

புல்லாங்குழலில் உதட்டிலிருந்து புறப்படும் காற்று துளையின் விளிம்பில் மோதி அலைவுறுகிறது. கிளாரினெட்டில் ஒற்றை நாணல் பட்டை அதிர்கிறது. ஓபோவிலும் பசூனிலும் நாதஸ்வரத்தில் உள்ளதைப் போன்ற இரட்டைச் சீவாளி. ஹார்னிலோ வாசிப்பவரின் உதடுகளே சீவாளியின் வேலையைச் செய்கின்றன.

குழாயின் வடிவமும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. புல்லாங்குழலும் வழக்கமான பி பிளாட் கிளாரினெட்டும் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. ஆயினும் முன்னதன் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸிலும், பின்னதன் தாழ்ந்த சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. புல்லாங்குழல் ஒலியியல் நோக்கில் இருமுனையும் திறந்த குழாய். கிளாரினெட்டோ பட்டை பொருந்திய முனையில் மூடிய குழாயாக நடந்துகொள்வதால், அதே நீளத்தில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்க முடிகிறது. ஷட்ஜத்தைப் பிடித்தபடி ஊதும் முறையை மாற்றினால் புல்லாங்குழல் மேல் ஷட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட் அதையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குச் செல்லும். அதன் கீழ்ப்பகுதியில் ஒற்றைப்படை மேற்சுரங்களே (அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு 3, 5, 7 மடங்கில் உடன் எழுபவை) ஓங்கி நிற்பதால்தான் அந்த உள்ளீடற்ற, ஆழ்ந்த குரல் கிடைக்கிறது. ஓபோவும் ஒரு முனை மூடியதுதான் என்றாலும், அதன் குழாய் கூம்பு வடிவமானதால் எல்லா மேற்சுரங்களும் எழுகின்றன.

இந்த வேறுபாடுகளை மறைக்காமல் இசையாக்கியவர்களுள் முன்னோடி, பிராகாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அன்டோன் ரைக்கா. 1810-களில் அவர் எழுதத் தொடங்கிய 24 ஐவரணிப் படைப்புகளே இவ்வடிவத்தை நிலைநிறுத்தின. அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது. இயற்கை மேற்சுரங்களுக்கு இடைப்பட்டவற்றை, புனல்வாய்க்குள் கையை நுழைத்து அடைத்தே வாசிக்க வேண்டும் என்பதால் சுரத்துக்குச் சுரம் குரலின் நிறம் மாறியது. பின்னர் ஐவரணிக்கு எழுதும் வழக்கம் சற்றே தளர்ந்திருந்த காலத்தில், புல்லாங்குழல் கலைஞர் பால் தஃபனெல் 1879-இல் பாரிஸில் துளைக்கருவிகளுக்கென்றே ஒரு சேம்பர் இசைச் சங்கத்தை நிறுவினார். அந்த மரபில் 1940-களில் உருவானதே புல்லாங்குழல் கலைஞர் ழான்-பியர் ராம்பாலின் பிரெஞ்சு துளைக்கருவி ஐவரணி; ஓபோவில் பியர் பியர்லோ, கிளாரினெட்டில் ழாக் லான்ஸ்லோ, ஹார்னில் ழில்பெர் கூர்சியே, பசூனில் போல் ஓங்ஞ் ஆகியோர் அவருடன் வாசித்தனர்.

இத்தகைய அணிக்கு எழுதுபவர் மூச்சுக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். புல்லாங்குழல் காற்றைத் தாராளமாகச் செலவழிப்பதால் விரைவில் மூச்சு தீர்ந்துவிடும். ஓபோவின் சிக்கல் நேரெதிரானது: சீவாளியின் இடுக்கு மிகச் சிறியதாகையால் நுரையீரலில் பயன்பட்ட காற்று தேங்கிவிடுகிறது, அதை வெளியேற்றிய பிறகே புதுக்காற்றை இழுக்க முடியும். இசைச் சொற்றொடர்கள் கருவி விட்டுக் கருவி கைமாறுவதில் அழகுணர்ச்சியோடு இந்தத் தேவையும் கலந்திருக்கிறது. சுருதியும் ஓயாத தொல்லைதான். குழலுக்குள் காற்று சூடேறச் சூடேற, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) வீதம் சுருதி உயரும்.

பிரெஞ்சு அணிகளின் தனிநிறத்துக்கு அவர்கள் கையாண்ட பசூனும் ஒரு காரணம். உலகின் பெரும்பாலான இசைக்குழுக்கள் ஏற்றுக்கொண்ட ஜெர்மன் பசூனைவிடப் பிரெஞ்சு வகை ஒடுங்கிய துளையுடையது. சீவாளியின் கீறலான ஒலி அதில் கூடுதலாகக் கேட்கும். வழவழப்பான கலவையை விரும்புவோருக்கு இது உறுத்தலாகப்படலாம். ஐந்து குரல்களையும் தனித்தனியே பின்தொடர விரும்புவோருக்கோ இதுவே வாய்ப்பு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ழாக் இபெரின் 1930-ஆம் ஆண்டு ‘மூன்று சிறு துண்டுகள்’ படைப்பின் நடுப்பகுதியில், பெரும்பாலும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மட்டுமே உரையாடுகின்றன. திறந்த குழாயும் மூடிய குழாயும் எவ்வளவு வேறு என்பதை அந்த இடத்தில் ஒலியியல் பாடம் இன்றியே காது பிரித்தறிந்துவிடும்.