ஆங்கில விதி: அமெரிக்கா போய்வரும் ட்ரக் சாரதிகள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணர் 14 ஆண்டுகளாக ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்காவுக்கு லோட் ஏற்றிப் போய்வந்தவர். ஒரு விபத்துக்கூட இல்லை. சென்ற கோடையில் அமெரிக்க நெடுஞ்சாலையோர எடைச் சாவடி ஒன்றில் அதிகாரி நிறுத்தினார். மூன்றாவது கேள்வி புரியவில்லை. வழக்கம்போல மகளைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். முன்பெல்லாம் அப்படித்தான் சமாளித்தார், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்று அந்த அழைப்பே வினையாயிற்று. வண்டியை எடுக்க வேறொரு சாரதி வரும்வரை சாவடியிலேயே இருந்தார். திரும்பிய பின் நடந்ததுதான் அதைவிடக் கொடுமை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விதி பழையது. அமெரிக்க மத்திய அரசின் 391.11 ஆம் விதி, வணிக வாகனச் சாரதிக்குப் போதுமான அளவு ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் தெரிய வேண்டும் என்கிறது. பொதுமக்களோடு உரையாட, சாலைக் குறிகளைப் புரிந்துகொள்ள, அதிகாரிகளின் கேள்விக்குப் பதில் சொல்ல, பதிவேடுகளில் எழுத. அவ்வளவுதான். 2016 முதல் இதற்காக எவரையும் வீதியில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்றிருந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று ஜனாதிபதி டிரம்ப் ஆணை பிறப்பித்தார். மே 20 அன்று புதிய அமலாக்கக் கொள்கை வந்தது. ஜூன் 25 முதல் ஆங்கிலத்தில் தவறினால் ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’, அதாவது அந்த இடத்திலேயே ஓட்டத் தடை.

இனி நம்மவர்கள் என்னிடம் சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

“என்னிடம் ஏஇசட் லைசன்ஸ் இருக்கிறது, அமெரிக்காவே அதை ஏற்கிறது.” உண்மைதான். ஒன்ராறியோவின் கனரக லைசன்ஸான ஏஇசட் போன்ற கனடிய வணிக லைசன்ஸை அமெரிக்கா அங்கீகரிக்கிறது, தனியாக அங்கே ஒன்று எடுக்கத் தேவையில்லை. ஆனால் லைசன்ஸ் இருப்பது ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஒன்ராறியோவில் கார் லைசன்ஸின் முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கே கிடைத்த சலுகை எல்லை தாண்டிப் பஃபலோவில் செல்லாது. அமெரிக்க லைசன்ஸ் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். பல மாநிலங்கள் எழுத்துத் தேர்வை வேறு மொழிகளில் நடத்தி வந்திருக்கின்றன. ஆனால் ஓட்டிக் காட்டும் தேர்வில் ஆங்கிலம் புரிய வேண்டும், மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை.

“நான் கனடியக் குடியுரிமை உள்ளவன்.” சரி, ஆனால் அதிகாரி சோதிப்பது உங்கள் பாஸ்போர்ட்டை அல்ல. கியூபெக்கில் பிறந்து பிரெஞ்சு மட்டும் பேசுகிறவருக்கும் இதே நிலைதான்.

“எல்லையில் சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்லித்தானே உள்ளே வந்தேன்?” அது வேறு அலுவலகம், வேறு வேலை. சாலைச் சோதனை எந்த மாநிலத்தில் எந்த மைலில் வேண்டுமானாலும் வரலாம்.

“எல்லையோரத்தில் மட்டும் ஓடினால் விலக்காமே?” இந்த வதந்தியில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. அந்தச் சலுகை மெக்சிகோ எல்லையை ஒட்டிய வணிக வலயங்களுக்கு மட்டும். அங்கேயும் மீறலை எழுதுவார்கள், வண்டியை நிறுத்தமாட்டார்கள், அவ்வளவே. டிட்ராய்ட்டுக்கும் பஃபலோவுக்கும் அது கிடையாது. கலிபோர்னியாவில் பிடிப்பதில்லை என்று நம்பி ஓடுகிறவர்களும் உண்டு. இந்த விதியைச் சரியாக அமல்படுத்தவில்லை என்று சொல்லியே அந்த மாநிலத்துக்குப் போக வேண்டிய 4 கோடி டொலருக்கு மேற்பட்ட நிதியை 2025 அக்டோபரில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அரசியல்வாதிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் உங்கள் வண்டி நிற்க வேண்டாம்.

சோதனை இரண்டு படிகளாக நடக்கும். அதிகாரி ஆங்கிலத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது கட்டளை. சாரதிக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தோன்றினால் முதலில் நேர்முகக் கேள்விகள். இதில் மொழிபெயர்ப்பாளர், தொலைபேசி, கைப்பேசிச் செயலி, எழுதிவைத்த அட்டை எதற்கும் அனுமதி இல்லை. இதில் தவறினாலே போதும், அடுத்த படி தேவையில்லை. தேறினால் சாலைக் குறிகளைக் காட்டிப் பொருள் கேட்பார்கள். மின்பலகையில் ஓடும் அறிவிப்புகளும் இதில் சேரும்.

எங்கிருந்து புறப்பட்டீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன லோட், இன்று எத்தனை மணிக்கு வேலை தொடங்கினீர்கள், பில் ஆஃப் லேடிங் (சரக்கு விவரச் சீட்டு) எங்கே, லாக்கை (ஓட்டிய நேரப் பதிவேட்டை) காட்டுங்கள். வழக்கமாகக் கேட்பவை இவைதாம். நமக்கு இவற்றில் பல தெரியும். பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டுவதுதான் பிரச்சினை. “எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள்” என்ற கேள்விக்கு “யெஸ்” என்று சொன்னால் அதிகாரி என்ன எழுதுவார்? புரியாவிட்டால் மெதுவாகத் திருப்பிச் சொல்லும்படி ஆங்கிலத்திலேயே கேளுங்கள். விதியின் வாசகத்தில் இலக்கணமும் இல்லை, உச்சரிப்பும் இல்லை. முழு வாக்கியம் வராவிட்டால் ஊர்ப்பெயர், மணி, சரக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் நிற்பதுதான் கெடுக்கும். வீட்டில் பிள்ளையை அதிகாரியாக உட்காரவைத்துப் பழகுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. லோட்களை ஒதுக்கும் டிஸ்பாட்சர் உங்கள் லாக்கை நிரப்பித் தருகிறார் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். அது வேறொரு குற்றமாகவும் முடியும்.

இன்னொன்று. ‘டிரக் ஆங்கிலச் சான்றிதழ்’ தருகிறோம் என்று பணம் வாங்குகிறவர்கள் முளைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போவது நல்லது. ஆனால் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் அதிகாரி கேள்வி கேட்பதை நிறுத்தமாட்டார். அப்படி ஒரு காகிதத்தை அரசு ஏற்படுத்தவே இல்லை.

தடை விழுந்துவிட்டதா? ஓய்வில்லாமல் ஓட்டியதற்கு விழும் தடைபோல 10 மணிநேரம் தூங்கி எழுந்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். தகுதி பெறும்வரை அது நீடிக்கும். அடுத்த நிறுத்தம் வரைக்குமாவது என்று வண்டியை நகர்த்தினால், தடையை மீறியதற்காக முதல் முறையே 180 நாள் முதல் ஓராண்டு வரை அமெரிக்காவில் ஓட்டும் தகுதி போகும். “கொஞ்சத் தூரம்தானே, எடு” என்று தொலைபேசியில் சொல்லும் முதலாளி அந்த ஓராண்டும் உங்களுக்குச் சோறு போடமாட்டார்.

சோதனை அறிக்கையைக் கம்பெனியிடம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். அறிக்கை எண் இல்லாமல் முறையீடு இல்லை. முறையீட்டுக்கு ‘டேட்டாக்யூஸ்’ என்ற இணையவழி உண்டு. மத்திய அரசின் தளம், ஆனால் மனு சுற்றிப்போய் அறிக்கை எழுதிய அதே மாநிலத்தின் மேசைக்குத்தான் வரும். அடித்தவரிடமே போய் அடித்தது சரியா என்று கேட்பதுபோல. ஒன்ராறியோ அலுவலகத்தைக் கேட்டால் அமெரிக்கச் சட்டம் என்பார்கள். அமெரிக்க மத்திய அலுவலகத்தைக் கேட்டால் மாநிலம் என்பார்கள். ஆனாலும் மனுவைப் போடுங்கள். வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் பார்க்கும் பதிவில் இந்தச் சோதனை 3 ஆண்டுகள் கிடக்கும். மனுவில் “எனக்கு ஆங்கிலம் தெரியும்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதிகாரி என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அன்றிரவே எழுதிவைத்து அதைச் சேருங்கள்.

இனி அண்ணரின் கதை. மாற்றுச் சாரதிக்கான செலவையும் தாமதக் கட்டணத்தையும் கம்பெனி அவர் சம்பளத்தில் பிடித்தது. எல்லை தாண்டி ஓடுகிறவர்களுக்குப் பொருந்துவது கனடாவின் மத்திய தொழிலாளர் சட்டம். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் இப்படிப் பிடிக்க அதில் இடமில்லை. “நீ தனிக் கம்பெனியாகப் பதிந்தவன், தொழிலாளியே அல்ல” என்பார்கள். ஒரே முதலாளியின் வண்டியை அவர் சொல்லும் நேரத்தில் ஓட்டுகிறவரை அப்படி நடத்துவது 2021 முதல் அந்தச் சட்டப்படி தடை. தொழிலாளி அல்ல என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளியே. ஆகவே ‘செலவை ஏற்கிறேன்’ என்று நீட்டப்படும் காகிதத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். சம்பளப் புகாரை 6 மாதத்துக்குள் மத்திய அரசின் தொழிலாளர் பிரிவில் கொடுக்க வேண்டும். அண்ணர் கையொப்பம் வைக்கவில்லை. ஆனால் என்னிடம் வந்தபோது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.